சனிக்கிழமை 3 மணி: இங்கிலாந்தின் சின்னக் கால்பந்து மைதானங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் கிழக்கு லண்டனில் இருக்கிறேன். பெரும்பாலான சனிக்கிழமைகளில் காலையிலேயே ரயில் ஏறி, நண்பர்கள் பெயர்கூடக் கேள்விப்படாத ஊருக்குக் கால்பந்து பார்க்கப் போய்விடுவேன். அங்கே என்ன இருக்கிறது, எப்படிப் போவது, நாங்களும் வரலாமா என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கிரவுண்ட் ஹாப்பிங் என்றால் என்ன?

ஒரே அணியின் பின்னால் போகாமல், புதுப்புது மைதானமாகத் தேடிப் போய் மேட்ச் பார்ப்பது. இதைச் செய்கிறவர் ஹாப்பர். ஒரு மைதானத்தில் முதல் முறையாக முழு மேட்ச் பார்த்துவிட்டால் அது ஒரு ‘டிக்’. 108 திவ்ய தேசங்களில் இத்தனை சேவித்தாயிற்று, இன்னும் இத்தனை பாக்கி என்று நோட்டில் குறித்து வைத்திருக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு அல்லவா, அதே மனசுதான் இதற்கும். ஊர் ஊராகப் போக வேண்டும், ஒவ்வொரு இடத்துக்கும் உள்ள கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

இங்கிலாந்தில் மேலே உள்ள நான்கு டிவிஷன்களில் மொத்தம் 92 அணிகள். இந்த 92 மைதானங்களையும் பார்த்து முடித்தவர்களுக்கென்றே 1978ல் ஒரு கிளப் தொடங்கினார்கள். இன்றும் அதில் உறுப்பினர்கள் சேர்கிறார்கள். ஆனால் நான் பேசப் போவது அந்த 92க்கும் கீழே உள்ள உலகத்தைப் பற்றி.

‘கீழ்நிலை’ என்றால் எவ்வளவு கீழே?

பிரீமியர் லீக்கில் 20 அணிகள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. இதற்கும் கீழே வருவதை எல்லாம் சேர்த்து ‘நான்-லீக்’ என்பார்கள். அதன் உச்சியில் நேஷனல் லீக். அடுத்த படியில் வடக்கு, தெற்கு என்று இரண்டு லீக். அதற்கடுத்து நான்கு, அப்புறம் எட்டு, அதன் கீழே பதினாறு. ஆலமரத்து விழுது மாதிரி கிளைத்துக்கொண்டே போய், கடைசியில் ஊர்ப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவர்கள் வரை வந்துவிடும்.

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது, ஏணி எங்கும் அறுந்துவிடவில்லை என்பது. ஜெயித்துக்கொண்டே வந்தால் எந்த அணியும் மேலே ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும். மைதானத்தில் ஃபிளட்லைட் வேண்டும், கூரை போட்ட இடம் இவ்வளவு வேண்டும், உட்கார இத்தனை இருக்கை வேண்டும் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு விதி உண்டு. சின்ன கிளப் ஒன்று ஏறி வந்த வழியை அதன் மைதானத்திலேயே படித்துவிடலாம். பழைய மரக்கூரை ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே அவசரமாகக் கொண்டுவந்து வைத்த புது இரும்பு ஸ்டாண்ட் நிற்கும். அந்த வருடம் அவர்கள் மேலே ஏறியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆட்டம் பார்க்கிற மாதிரி இருக்குமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பந்தை நிறுத்தும் விதத்திலும் பாஸ் கொடுக்கும் துல்லியத்திலும் வித்தியாசம் தெரியும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆறாவது, ஏழாவது படியில் ஆடுகிறவர்கள் பலரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். எலக்ட்ரீஷியன் இருப்பார், பள்ளி ஆசிரியர் இருப்பார், டெலிவரி வேன் ஓட்டுகிறவர் இருப்பார். செவ்வாய் இரவு மேட்ச் என்றால் வேலை முடித்து நேராக வந்து பூட்ஸ் மாட்டுவார்கள்.

ஆனால் டிவியில் ஒருநாளும் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு. டச்லைனுக்கும் உங்களுக்கும் நடுவில் இடுப்புயரக் கம்பி ஒன்றுதான். விங்கில் ஓடிவருகிறவர் மூச்சு வாங்குவது கேட்கும். கோல்கீப்பர் தொண்டை கிழிய “மேன் ஆன், மேன் ஆன்” (பின்னால் ஆள் வருகிறான்) என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டே இருந்தால், அரை மணி நேரத்தில் அந்த டிஃபென்ஸ் எப்படி யோசிக்கிறது என்று உங்களுக்கே புரிய ஆரம்பிக்கும். பெரிய ஸ்டேடியத்தின் மேல் அடுக்கில் உட்கார்ந்து நான் கற்றுக்கொள்ளாததைக் கம்பியில் சாய்ந்து நின்று கற்றிருக்கிறேன். பந்து வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுந்தால், மாற்று ஆட்டக்காரர் ஒருவர் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார். ஆட்டம் நிற்காது. இன்னொரு பந்து வந்துவிடும்.

பெரிய ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் இங்கேதான் தெரியும். ஜேமி வார்டியை ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் தன் இளையோர் அணியிலிருந்து அனுப்பியது. அவர் போய்ச் சேர்ந்த இடம், ஷெஃபீல்டுக்கு வெளியே மலைச்சரிவில் உள்ள ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ். வாரம் 30 பவுண்டு. 2012ல் லெஸ்டர் அவரை 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2016ல் அவர் பிரீமியர் லீக் சாம்பியன். ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் இப்போது ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயர். அந்த ஸ்டாண்டின் முன்னால் நின்று, கீழே இரும்பாலை ஊரையும் எதிரே மலையையும் பார்த்தபோது அவர் ஓடிய ஓட்டத்தின் தூரம் எனக்கு உறைத்தது.

லண்டனில் இருக்கிறேன். முதலில் எங்கே போகலாம்?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள். கிழக்கு லண்டன்காரர்களுக்குக் கிரீன் ஸ்ட்ரீட் நன்றாகத் தெரியும். புடவையும் நகையும் வாங்கப் போகும் அதே தெருவுக்குப் பக்கத்தில், ஃபாரஸ்ட் கேட்டில், ஓல்டு ஸ்பாட்டட் டாக் மைதானம் இருக்கிறது. 1888லிருந்து அங்கே கால்பந்து நடந்திருக்கிறது. பிரிட்டனின் முதல் கறுப்பினத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் ஒருவரான வால்டர் டல், டாட்டன்ஹாமுக்குப் போவதற்கு முன் கிளாப்டன் அணிக்காக ஆடியவர். பிறகு முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாகி 1918ல் போர்க்களத்தில் இறந்தார். இன்றைய கிளாப்டன் சிஎஃப்சி ரசிகர்களே 2018ல் தொடங்கிய கிளப். 2020ல் அந்த மைதானத்தையே அவர்கள் வாங்கிவிட்டார்கள். ஸ்பெயின் குடியரசுக் கொடியின் நிறத்தில் அவர்கள் போட்ட ஜெர்சியை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள்.

அதே கிரீன் ஸ்ட்ரீட்டில்தான் வெஸ்ட்ஹாமின் போலின் மைதானமும் இருந்தது. 1904 முதல் 2016 வரை ஆடிய இடம். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். பெரியது போய்விட்டது, சின்னது நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

தெற்கே இருப்பவர்கள் டல்விச் ஹேம்லட்டின் சாம்பியன் ஹில்லுக்குப் போகலாம். இளஞ்சிவப்பும் நீலமும் அவர்கள் நிறம். கூட்டம், பாட்டு, குழந்தைகள், நாய்கள் என்று திருவிழா மாதிரி இருக்கும். தென்மேற்கில் கொரிந்தியன்-கேஷுவல்ஸ் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் 1910ல் பிரேசிலுக்குப் போய் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மயங்கித்தான் சாவோ பாவ்லோவில் தொடங்கிய அணிக்குக் கொரிந்தியன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பிரேசிலின் பெரிய அணி ஒன்றுக்குப் பெயர் கொடுத்த கிளப்பை இங்கே சில நூறு பேர் நின்று பார்க்கிறோம்.

டிக்கெட் எவ்வளவு? முன்பதிவு வேண்டுமா?

லீக் உயரத்தைப் பொறுத்தது. கீழ்ப்படிகளில் பத்து பவுண்டுக்குள் முடிந்துவிடும். நேஷனல் லீக்கில் 20ஐ ஒட்டி வரும். சிறுவர்களுக்குப் பல இடங்களில் இலவசம் அல்லது ஓரிரு பவுண்டு. முன்பதிவு பெரும்பாலும் தேவையில்லை, டர்ன்ஸ்டைலில் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். கார்டு வாங்காத இடங்களும் இருப்பதால் கையில் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். டீக்கும் குலுக்கல் சீட்டுக்கும் உதவும்.

மழை வந்தால் என்ன செய்வது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஹாப்பரின் வாழ்க்கையே இதுதான்.

ஒரு ஜனவரி சனிக்கிழமை. இரண்டு ரயில், அப்புறம் ஒரு பஸ். காலை பத்து மணிக்கு “மேட்ச் உண்டு” என்று கிளப் அறிவித்திருந்தது. நான் போய் இறங்கும்போது மணி 2.10. நடுவர் மைதானத்தின் நடுவில் நிற்கிறார், கையில் பந்து. தலைக்கு மேல் தூக்கிக் கீழே விட்டார். பந்து எழும்பவே இல்லை, சேற்றில் ‘தப்’ என்று உட்கார்ந்துவிட்டது. நாலு அடி தள்ளிப் போய் இன்னொரு முறை. அங்கேயும் அப்படியே. பூட்ஸ் குதிகாலால் அழுத்தினார், சுற்றிலும் தண்ணீர் கொப்பளித்தது. இரண்டு அணி மேனேஜர்களும் தலையாட்டினார்கள். முடிந்தது. அங்கிருந்த பெண்மணி ஒருவர் நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டு, காசு வாங்காமல் டீ கொடுத்து, ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார். காலையிலிருந்து கவையும் வாளியுமாகத் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டியிருக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. எனக்குப் போனது ஒரு பயணம். அவர்களுக்கோ அந்த வாரத்து வரும்படியே போனது. டிக்கெட், டீ, பீர், குலுக்கல் சீட்டு எதுவும் கிடையாது. வாடகையும் மின்சாரக் கட்டணமும் மழைக்காக நிற்காது.

அதனால் கிளம்பும் முன்னும், வண்டி மாறும் இடத்திலும், கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பாருங்கள். ‘பிட்ச் இன்ஸ்பெக்‌ஷன்’ என்ற வார்த்தை கண்ணில் பட்டால் மாற்று மேட்ச் ஒன்றைத் தயாராக வையுங்கள். அருகிலேயே செயற்கைப் புல் மைதானம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைப்பது அனுபவசாலிகள் வழக்கம். எனக்கும் பலமுறை அது கைகொடுத்திருக்கிறது.

உள்ளே போனதும் எங்கே உட்கார வேண்டும்?

உட்கார வேண்டும் என்றே இல்லை. பெரும்பாலான இடங்களில் இரண்டு அணி ரசிகர்களும் ஒன்றாகத்தான் நிற்பார்கள், தடுப்பு கிடையாது. தங்கள் அணி எந்தப் பக்கம் கோல் போட வேண்டுமோ அந்தக் கோலின் பின்னால் நிற்பார்கள். இடைவேளையில் இரண்டு கூட்டமும் கொடி, மேளத்தோடு எதிரெதிராக நடந்து இடம் மாறும். வழியில் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொள்வார்கள். பெரிய லீக்குகளில் ஆட்டம் தெரியும் இடத்தில் மது குடிக்க 1985லிருந்து சட்டப்படி தடை உண்டு. கீழ்ப்படிகளில் அந்தத் தடை இல்லாததால் பீர் கோப்பையோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். கண்ணாடிக் கோப்பையை மட்டும் வெளியே கொண்டுவர விடமாட்டார்கள்.

முதல் முறை போகிறவர்கள் ஆட்டம் தொடங்கியதும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். டக்அவுட் (மேனேஜரும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்காரும் இடம்) அருகே பத்து நிமிடம், கோலின் பின்னால் பத்து நிமிடம், தூர மூலையில் கொஞ்சம். மைதானம் சரிவாக இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

தடிமனான அடி வைத்த ஷூ போடுங்கள். கான்கிரீட் படியிலிருந்து ஏறும் குளிர்தான் டிசம்பரில் ஆளைக் கொல்லும். மேலே எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் அதற்கு உதவாது.

சைவமாக ஏதாவது கிடைக்குமா?

சிப்ஸ் எங்கும் உண்டு. சீஸ்-வெங்காயப் பை வடக்கில் நிறைய இடங்களில் கிடைக்கும். வினிகர் தெளித்த சிப்ஸும் சூடான டீயும் இடைவேளைக்குப் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். டீக்கடை ஜன்னலில் ‘போவ்ரில்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஹார்லிக்ஸ், போர்ன்விட்டா மாதிரி ஏதோ பானம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது மாட்டிறைச்சிச் சாறு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்லிவிடுவேன்.

ஒரு மைதானத்தை ‘டிக்’ செய்ய விதி ஏதாவது உண்டா?

பொதுவான சட்டம் கிடையாது, ஆளுக்கொரு விதி. பெரும்பாலோர் ஒத்துக்கொள்வது, போட்டி ஆட்டமாக இருக்க வேண்டும், முழு 90 நிமிடமும் பார்த்திருக்க வேண்டும் என்பது. சிலர் நட்பு ஆட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோல் விழாத மேட்ச் செல்லாது என்பவர்களும், அச்சடித்த புரோகிராம் (அன்றைய மேட்ச் பற்றிக் கிளப் விற்கும் சிறு புத்தகம்) கிடைத்தால்தான் கணக்கு என்பவர்களும் உண்டு.

கடைசியாகச் சொன்னவர்கள் பாடு இப்போது கஷ்டம். புரோகிராம் கட்டாயம் அச்சிட வேண்டும் என்ற விதியை ஈஎஃப்எல் (பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று டிவிஷன்கள்) அணிகள் 2018ல் வாக்களித்து எடுத்துவிட்டன. கீழேயும் பல கிளப்புகள் இணையத்தில் மட்டும் போடத் தொடங்கிவிட்டன. எனக்கு இதில் வருத்தம் உண்டு. உள்ளூர் இறைச்சிக்கடை விளம்பரம், போன வாரத் தோல்விக்கு மேனேஜர் எழுதிய விளக்கம், எதிரணியின் நூறு வருட வரலாறு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தொகுத்திருப்பார். அச்சிட்டு விற்கும் கிளப்பைக் கண்டால் தயங்காமல் வாங்குங்கள்.

என் விதி எளிமையானது. முழு ஆட்டம் பார்க்க வேண்டும், அந்த ஊரில் ஒரு தெருவாவது நடந்திருக்க வேண்டும்.

கட்டாயம் பார்க்க வேண்டிய மைதானங்கள் எவை?

பட்டியல் போடச் சொன்னால் ஒவ்வொரு ஹாப்பரும் வேறு வேறு சொல்வார். என் மனதில் முதலில் வருவது ஷெஃபீல்டு நகரத்தின் மேற்கே, கிராஸ்பூலில் உள்ள சாண்டிகேட். உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் இதுதான் என்று கின்னஸ் சொல்கிறது. 1860 டிசம்பர் 26 அன்று ஹாலம் அணியும் ஷெஃபீல்டு எஃப்சியும் இங்கே மோதின. ஹாலம் இன்றும் அங்கேதான் ஆடுகிறது. மைதானம் கண்ணுக்குத் தெரியும்படி சரிந்திருக்கும். மேல் மூலையில் நின்று பார்த்தால் கார்னர் எடுக்கிறவர் பள்ளத்தில் நிற்பது போலத் தோன்றும். 1867ல் அவர்கள் ஜெயித்த யூடன் கோப்பை உலகின் முதல் கால்பந்துக் கோப்பை. காணாமல் போய், நூறு வருடத்துக்கும் மேல் கழித்துத் திரும்பக் கிடைத்தது.

அன்றைக்கு எதிரே ஆடிய ஷெஃபீல்டு எஃப்சி 1857ல் தொடங்கியது, இன்றும் இருப்பவற்றில் உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப். அவர்கள் இப்போது கொஞ்சம் தெற்கே டிரான்ஃபீல்டில், ஒரு பப்புக்குப் பக்கத்திலேயே ஆடுகிறார்கள். ஒரே வார இறுதியில் இரண்டையும் பார்க்கும்படி அட்டவணை அமைந்தால் அந்த வாரம் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தெற்குக் கடற்கரைப் பக்கம் லூயிஸ் ஊரில் டிரிப்பிங் பேன். பெயரே பாத்திரத்தின் பெயர், மைதானமும் அப்படித்தான், சுற்றிலும் புல்மேடு, நடுவில் பள்ளம். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை. கோலின் பின்னால் நின்றால் எதிரே மலைத்தொடர். 2017ல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சமமாகப் பணம் ஒதுக்குவோம் என்று இந்தச் சின்னக் கிளப் அறிவித்தபோது பெரிய கிளப்புகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. அங்கே பெண்கள் ஆட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டர்ஹம் மாவட்டத்தில் மேட்டின் மேல் இருக்கும் டோ லாவுக்குப் போவதானால் காற்றுக்குத் தயாராகப் போங்கள். இங்கிலாந்துக்கு ஆடிய கிறிஸ் வாடில், தொத்திறைச்சிக்கு மசாலா தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடிய கிளப் இது. அவர்கள் ஆடும் நார்தன் லீக் 1889ல் தொடங்கியது, உலகின் இரண்டாவது பழைய லீக். சுரங்கம் மூடிய பிறகும் இந்த ஊர்கள் கால்பந்தை விடவில்லை. சின்னக் கிளப்புகளுக்காக எஃப்ஏ (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) நடத்தும் வாஸ் கோப்பையை 2009லிருந்து 2013 வரை ஐந்து வருடமும் இந்த லீக் அணிகளே வென்றன.

லிவர்பூல் பக்கம் கிராஸ்பியில் மரைன். மைதானத்தின் ஒரு நெடும்பக்கம் முழுக்க வீடுகளின் கொல்லை. 2021 ஜனவரியில், பெரிய அணியும் சின்ன அணியும் மோதிக்கொள்ளும் எஃப்ஏ கோப்பையில் டாட்டன்ஹாம் இங்கே வந்தது. லீக் ஏணியில் இரண்டு அணிக்கும் இடையே 161 இடங்கள், கோப்பை வரலாற்றிலேயே அதுவரை இல்லாத இடைவெளி. கொரோனாவால் ரசிகர்கள் உள்ளே போக முடியவில்லை. அக்கம்பக்கத்தார் தோட்டத்து வேலிமேல் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வரமுடியாது என்று தெரிந்தே 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பத்து பவுண்டு டிக்கெட் வாங்கினார்கள். மரைன் 0-5 என்று தோற்றது.

எஃப்ஏ கோப்பையை எப்போது பார்ப்பது நல்லது?

ஆகஸ்டில். 1871ல் தொடங்கிய இந்தக் கோப்பையின் முதல் தகுதிச் சுற்றுகள், கோடை வெயில் இருக்கும்போதே கிராமத்து மைதானங்களில் நடக்கும். எழுநூறுக்கும் மேற்பட்ட அணிகள் சேர்கின்றன. பெரிய அணிகள் ஜனவரியில்தான் வரும். அதற்குள் ஒரு சின்னக் கிளப் எட்டு மேட்ச் வரை ஜெயித்து வந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் நூறு பேரோடு நின்று பார்த்த அணி, நவம்பரில் முதல் சுற்றுக்கு வந்து டிவியில் தெரிந்தால் சொந்தக்காரர் ஜெயித்த மாதிரி இருக்கும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஓட இடம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் நின்று பேசுவார்கள்.

நம் ஆட்கள் போனால் வித்தியாசமாகப் பார்ப்பார்களா?

பல ஊர்களில் அன்றைய கூட்டத்தில் நான் ஒருவன்தான் தமிழன், சில இடங்களில் வெள்ளையர் அல்லாதவனே நான் ஒருவன்தான். பார்ப்பார்கள். பெரும்பாலும் அந்தப் பார்வை “புது முகமாக இருக்கிறதே, எங்கிருந்து வருகிறீர்கள்?” என்ற பேச்சில்தான் முடிந்திருக்கிறது. ஹாப்பர் என்று சொன்னதும் அவர்களே மைதானத்தைச் சுற்றிக் காட்டக் கிளம்பிவிடுவார்கள். காதில் விழக்கூடாத வார்த்தை இரண்டொரு முறை விழுந்ததும் உண்டு. ஒரு முறை நான் எதுவும் சொல்வதற்குள், பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர்களே அந்த ஆளை வெளியே அனுப்பினார்கள். அப்படி ஏதாவது நடந்தால் மஞ்சள் கோட்டு போட்ட ஸ்டூவர்டிடம் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

மாற்றமும் கண்ணுக்குத் தெரிகிறது. மைல் எண்டில் ஆடும் ஸ்போர்ட்டிங் பெங்கால் யுனைடெட், கிழக்கு லண்டன் வங்காளிகள் 1996ல் தொடங்கியது. வேல்சில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி அணிக்காக ஆடுகிறார். அந்தப் பெயரை ஜெர்சியின் முதுகில் படித்துவிட்டு அப்பா அம்மாக்கள் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பட்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

கார் இல்லாமல் முடியுமா?

முடியும், நான் அப்படித்தான் போகிறேன். 3 மணி மேட்ச் 4.50 வாக்கில் முடியும். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை வரும்போதே நிறுத்தத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்பு என்று ரயிலை நிறுத்திப் பஸ் விடுவார்கள், அதையும் முன்பே பார்க்க வேண்டும். மேட்ச் விவரங்களுக்கு எஃப்ஏவின் ‘ஃபுல்-டைம்’ தளம். டிக் கணக்கு வைக்கவும் அருகில் என்ன மேட்ச் என்று பார்க்கவும் ‘ஃபுட்பாலஜி’ செயலி. பல கிளப்புகள் இன்னொரு கிளப்பின் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடுகின்றன. அணியின் பெயரை மட்டும் பார்க்காமல் இடத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? மைதானம் எங்கே ஓடிப்போகிறது?

போய்விடுகிறது. சரிவான மைதானத்துக்குப் பெயர் போன யோவில் ஊரின் ஹூயிஷ், 1949ல் உள்ளூர் அணி சண்டர்லாண்டை எஃப்ஏ கோப்பையிலிருந்து வெளியேற்றிய இடம். 1990ல் இடித்து சூப்பர்மார்க்கெட் கட்டிவிட்டார்கள். ஊரின் நடுவில் பழைய மைதானம் இருந்தால் அந்த நிலத்துக்கு விலை அதிகம். கிளப் கடனில் விழுந்தால் முதலில் கண் போவது அந்த நிலத்தின் மேல்தான்.

டல்விச் ஹேம்லட்டை 2018 மார்ச்சில் நிலத்தின் சொந்தக்காரர்கள் உள்ளே வரவிடாமல் மைதானத்தைப் பூட்டினார்கள். ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள், வேறு கிளப்பின் மைதானத்தில் ஆடினார்கள், அந்தப் பருவத்திலேயே மேலே ஏறவும் செய்தார்கள். டிசம்பரில் சாம்பியன் ஹில் திரும்பக் கிடைத்தது. பெரி எஃப்சி 1885ல் தொடங்கியது, எஃப்ஏ கோப்பையை 1900லும் 1903லும் வென்றது. 2019 ஆகஸ்டில் அதை லீக்கிலிருந்தே நீக்கினார்கள். கிக் லேன் மைதானம் பூட்டிக் கிடந்தது. ரசிகர்கள் 2022ல் அதை வாங்கி, 2023ல் மீண்டும் கால்பந்து நடத்தினார்கள். பல படி கீழே, ஆனால் சொந்த ஊரில், சொந்த மைதானத்தில்.

உள்ளூர்க்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்ட இடங்களில்தான் மைதானம் பிழைத்திருக்கிறது. இருநூறு பேர் வரும் ஒரு மேட்சில் நீங்கள் கொடுக்கும் எட்டு பவுண்டு, அந்தக் கிளப்பின் கணக்கில் தனியாகத் தெரியும் தொகை. பெரிய ஸ்டேடியத்தில் அதைச் சொல்ல முடியாது. இதற்காகவே 2010லிருந்து ‘நான்-லீக் டே’ என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். சர்வதேச ஆட்டங்களுக்காகப் பெரிய லீக்குகள் ஓய்வெடுக்கும் ஒரு சனிக்கிழமை அது. இன்னொரு பழைய பாதுகாப்பும் உண்டு. சனிக்கிழமை 2.45லிருந்து 5.15 வரை பிரிட்டனில் கால்பந்தை டிவியில் நேரலையாகக் காட்டக் கூடாது என்ற விதி. அந்த விதியை எடுத்துவிட்டால், கூட்டம் குறைவது இந்தக் கிளப்புகளின் வாசலில் உடனே தெரியும் என்பது என் கருத்து.

பார்த்த மைதானத்துக்கே திரும்பப் போவதுண்டா?

உண்டு. டிக் கணக்கில் அது சேராது, அதனால் என்ன. வெளியூர் மேட்ச் மழையால் நின்ற நாட்களில் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்துக்குப் போகிறேன். முதல் இரண்டு தடவை பார்வையாளன். மூன்றாவது தடவை, ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளப்ஹவுஸுக்குள் போன பிறகு, வயதான ஒருவர் தனியாகக் கோல் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேல் கம்பியின் கொக்கி அவருக்கு எட்டவில்லை. நான் ஏணியைப் பிடித்தேன். வலையை இருவருமாகச் சுருட்டினோம், ஈரத்தில் நல்ல கனம். “அடுத்த செவ்வாய் வருவாயா? கார்னர் கொடி நட ஆள் இல்லை” என்று கேட்டார். போனேன்.